காய்ச்சல் ‘வந்தால்’ மட்டுமே

தடுப்பூசி போட்டதும் பாரசிட்டமால் கொடுப்பது நாடெங்கும் பழக்கமாகிவிட்டது. அது எப்போது உதவி, எப்போது உபத்திரவம்? நான்கு மொழிகள் புழங்கும் உல்லாஸ்நகரில் இதற்கான பதில் ஒரு சின்னச் சொல்லில் ஒளிந்திருக்கிறது.

உல்லாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் ஒரு தமிழர். தேசப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்தை விட்டு வந்த அகதிகள் தங்கியிருந்த கல்யாண் ராணுவ முகாம், 1949 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஒரு நகரமானது. அந்த விழாவுக்கு வந்திருந்தவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. முகாமின் அடையாளம் இன்னும் முழுசாக அழியவில்லை. இன்றும் இங்கே முகவரி கேட்டால் ‘கேம்ப் 1’ முதல் ‘கேம்ப் 5’ வரை ஏதாவது ஒரு எண்தான் முதலில் வருகிறது. சிந்தி வியாபாரிகள், மராத்தியர்கள், வடக்கிலிருந்து ஜீன்ஸ் பட்டறைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் ஆகியோரோடு, தாராவியிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் கல்யாணைத் தாண்டி வந்த தமிழ்க் குடும்பங்களும் இங்கே உண்டு.

அப்படி ஒரு குடும்பத்தில் பிறக்கும் குழந்தை தடுப்பூசி போட்டுக்கொள்ளும் நாளில் நான்கு மொழிகளைக் கடக்கிறது. அங்கன்வாடியில் நர்ஸ் பேசுவது மராத்தி. மருந்துக் கடைக்காரர் பேசுவது இந்தி. மருந்துப் பாட்டிலில் அச்சாகியிருப்பது ஆங்கிலம். மாலையில் திருநெல்வேலியிலிருந்து போனில் விசாரிக்கும் பாட்டியிடம் சொல்ல வேண்டியது தமிழ். ‘தாப் ஆலா தர்’ என்று நர்ஸ் சொல்வது, கடைக்காரரிடம் ‘புகார் ஆயே தோ’ ஆகிறது. காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுங்கள் என்பதுதான் இரண்டுக்கும் பொருள். ஆனால் செய்தி பாட்டியைச் சென்றடையும்போது, ஊசி போட்டால் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று மாறியிருக்கும். இடையில் தொலைந்துபோவது மராத்தியின் ‘தர்’, இந்தியின் ‘தோ’, தமிழின் ‘வந்தால்’. இலக்கணத்தில் இதற்கு நிபந்தனை என்று பெயர். மருத்துவத்திலும் அதே பெயர்தான்.

இது உல்லாஸ்நகரின் பிரச்சினை மட்டுமல்ல. ஒரே மொழி பேசும் ஊர்களிலும் அந்த ‘வந்தால்’ தொலைகிறது. ஊசிக்குக் கிளம்பும் முன்பே சிரப்பைப் புகட்டிவிட்டு வரும் தாய்மார்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பெரியவர்களும் விதிவிலக்கல்ல. கொரோனா தடுப்பூசி முகாம்களில், வரிசையில் நிற்கும்போதே ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு உள்ளே போனவர்கள் ஏராளம்.

உற்பத்தியாளரே தலையிட்ட கதை

2022 ஜனவரி 3ஆம் தேதி, 15 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு கோவேக்சின் போடும் பணி நாடெங்கும் தொடங்கியது. தொடங்கிய சில நாட்களிலேயே, அதைத் தயாரிக்கும் ஐதராபாத் பாரத் பயோடெக் நிறுவனம் ஒரு விளக்கம் வெளியிட வேண்டி வந்தது. சில மையங்களில் சிறுவர்களுக்குத் தடுப்பூசியுடன் மூன்று 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரைகளைச் சாப்பிடச் சொல்வதாகத் தகவல் வருகிறது. கோவேக்சினுக்குப் பிறகு பாரசிட்டமாலோ வலி நிவாரணியோ பரிந்துரைக்கப்படவில்லை என்றது நிறுவனம். சுமார் 30,000 பேரிடம் நடத்திய பரிசோதனைகளில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கே பக்க விளைவுகள் தோன்றின. பெரும்பாலும் லேசானவை, ஓரிரு நாளில் தாமாகவே மறைந்தவை என்றும் அது விளக்கியது. மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே சாரம்.

இன்னொரு பக்கம், புனே சீரம் நிறுவனத்தின் கோவிஷீல்டுடன் தரப்பட்ட குறிப்பு, வலியோ காய்ச்சலோ தொந்தரவு தந்தால் பாரசிட்டமால் எடுக்கலாம் என்றது. இரண்டும் முரண்படுவதுபோலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் முரண்பாடு இல்லை. தொந்தரவு வந்த பிறகு எடுப்பது வேறு; வருமோ என்று பயந்து முன்கூட்டியே எடுப்பது வேறு. உலக சுகாதார நிறுவனமும் கொரோனா தடுப்பூசி விஷயத்தில் இதே கோட்டைத்தான் கிழித்தது: பின்னால் தேவைப்பட்டால் எடுக்கலாம், முன்னெச்சரிக்கையாக வேண்டாம்.

செக் நாட்டுக் குழந்தைகள் சொன்னது

முன்கூட்டியே எடுத்தால் என்ன குறைந்துவிடும்? இதற்கு மிகத் தெளிவான பதில் 2009இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. செக் குடியரசில் 459 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தடுப்பூசி போட்ட 24 மணி நேரத்துக்குள் மூன்று வேளை பாரசிட்டமால். மற்றொரு பிரிவுக்கு அப்படி எதுவும் இல்லை.

காய்ச்சல் குறைந்தது உண்மைதான். முதல் கட்ட ஊசிகளுக்குப் பிறகு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டவர்கள் மருந்து பெற்ற பிரிவில் 42 சதவீதம், பெறாத பிரிவில் 66 சதவீதம். ஆனால் ரத்தத்தைச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நிமோனியா கிருமிகள், ஹிப் கிருமி, தொண்டை அடைப்பான், ரணஜன்னி என்று பல நோய்களுக்கான எதிர்ப்பொருள்களும் மருந்து பெற்ற பிரிவில் குறைவாக இருந்தன. 39.5 டிகிரிக்கு மேலான கடுங்காய்ச்சல் இரண்டு பிரிவிலுமே அரிது. அதாவது, பெரும்பாலும் ஆபத்தில்லாத ஒரு காய்ச்சலைத் தடுப்பதற்காக, எந்தப் பாதுகாப்புக்காக ஊசி போடப்பட்டதோ அதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கப்பட்டது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. தடுப்பூசி என்பது உடலுக்கு ஒரு ஒத்திகை. நோய்க் கிருமியின் சாயலைக் காட்டியதும், அந்த இடத்தில் வீக்கமும் வெப்பமும் உண்டாகி, காவல் செல்கள் ஓடி வந்து அதை அடையாளம் பிடித்துக்கொள்கின்றன. காய்ச்சலும் கை வலியும் அந்த ஒத்திகையின் சத்தம். முதல் சில மணி நேரத்திலேயே அந்தச் சத்தத்தை அடக்கினால் பாடம் அரைகுறையாகப் பதியக்கூடும். போலந்துக் குழந்தைகளிடம் நடத்தி 2017இல் வெளியான ஓர் ஆய்வும் இதை ஒட்டியே பேசியது. ஊசி நேரத்திலேயே பாரசிட்டமால் தொடங்கியபோது சில நிமோனியா வகைகளுக்கான எதிர்ப்பொருள் குறைந்தது. சில மணி நேரம் தள்ளித் தொடங்கியபோது அந்தப் பாதிப்பு அவ்வளவு தெளிவாக இல்லை. ஐபுப்ரோஃபென் வேறு சில எதிர்ப்பொருள்களைக் குறைத்தது.

இதைக் கேட்டுப் பயந்துவிடவும் தேவையில்லை. செக் ஆய்விலும் மருந்து பெற்ற பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாதுகாப்புக்கு வேண்டிய அளவு எதிர்ப்பொருள் கிடைக்கவே செய்தது. மாத்திரை கொடுத்ததால் ஊசி வீணாகிவிட்டது என்று மறுபடி போடச் சொல்லும் டாக்டர் யாருமில்லை. பிரிட்டனில் 2015 முதல், மூளைக்காய்ச்சல் ‘பி’ தடுப்பூசி பெறும் 2 மாதக் குழந்தைகளுக்கு முன்னெச்சரிக்கையாகவே பாரசிட்டமால் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த ஊசிக்குக் காய்ச்சல் மிக அதிகம். பாரசிட்டமாலால் அதன் பலன் குறையவில்லை என்று சோதித்த பிறகே அந்த முடிவு. நம் நாட்டு அரசு அட்டவணையில் அந்த ஊசி இல்லை.

நர்ஸின் நியாயம்

அப்படியானால் மாத்திரையைக் கையில் திணிக்கும் நர்ஸ்தான் குற்றவாளியா? அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 6, 10, 14 வாரங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசி ஐந்து நோய்களைத் தடுக்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் அறிமுகமாகி, பிறகு நாடெங்கும் பரவியது. அதில் இருக்கும் கக்குவான் மருந்து, முழுக் கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்படும் பழைய வகை. செக் குழந்தைகளுக்குப் போடப்பட்ட சுத்திகரித்த வகையைவிட இது அதிகம் காய்ச்சல் தரும். இரவெல்லாம் குழந்தை அழுதால் மறுநாள் பட்டறைக்குப் போக வேண்டிய அப்பா எரிந்து விழுவார். அடுத்த மாதம் ஊசி என்றதும் அந்த வீட்டுக் கதவு திறக்காது.

திறக்காத கதவின் விலை என்ன என்பதை மும்பை 2022இல் பார்த்தது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் கோவண்டியில் தொடங்கிய தட்டம்மை நெருக்கமான குடிசைப் பகுதிகளில் பரவி, குழந்தைகள் உயிரிழந்தன. கொரோனாக் காலத்தில் தவறிப்போன தடுப்பூசிகள் முக்கியக் காரணம். 6 மாதக் குழந்தைகளுக்குக்கூடக் கூடுதல் தவணை போடும் நிலை வந்தது. முழுமையான பாதுகாப்பு தரும் ஊசியைப் போட்டுக்கொள்ளாமல் விடுவதைவிட, சற்றே குறைந்த எதிர்ப்பொருளுடன் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். நர்ஸின் கணக்கு இதுதான்.

இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. மாத்திரையை வீட்டில் வைத்திருங்கள், காய்ச்சல் அடித்தாலோ குழந்தை வலியில் துடித்தாலோ தயங்காமல் கொடுங்கள், அதுவரை கொடுக்காதீர்கள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசிக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் பொதுவாகக் காய்ச்சலே வருவதில்லை. 9 மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம், பத்து நாள் கழித்தே வரும். அந்த நாட்களில் ஊசி போட்ட கையோடு மாத்திரை கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

கால் மாத்திரைக் கணக்கு

மாத்திரை தேவை என்றாகிவிட்டால் அடுத்த கேள்வி: எவ்வளவு? குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 5 கிலோ குழந்தைக்கு 50 முதல் 75 மில்லிகிராம். பெரியவர்களுக்கான 500 மில்லிகிராம் மாத்திரையைக் கால் பங்காக ஒடித்தால் 125 மில்லிகிராம் வந்துவிடும். அது அந்தக் குழந்தைக்கு வேண்டியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

திரவ மருந்திலும் பொறி இருக்கிறது. கடையில் ‘குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து’ என்று கேட்டால் மூன்று வகை கிடைக்கும். ஒன்றில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. மூன்றாவது சொட்டு மருந்து. அதில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். 5 கிலோ குழந்தைக்கு முதல் வகையில் 2 முதல் 3 மில்லி சரி. அதே அளவு சொட்டு மருந்தைப் புகட்டினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பாரசிட்டமால் அளவு மிஞ்சினால் அடிபடுவது ஈரல். அதனால் பாட்டிலைத் திருப்பி எண்ணைப் படிப்பதும், அதனுடன் வரும் பில்லரிலோ மூடியிலோ அளப்பதும் அவசியம். வீட்டு ஸ்பூன்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், ஊசியால்தான் என்று நாமே தீர்மானிக்காமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

மாத்திரையின் பெயரைப் படிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐதராபாத் சாட்சி. 2019 மார்ச்சில் நாம்பள்ளி நகர்ப்புற சுகாதார மையத்தில் பென்டாவேலன்ட் போட்ட குழந்தைகளுக்குப் பாரசிட்டமாலுக்குப் பதிலாக டிரமடால் கொடுக்கப்பட்டுவிட்டது. அது பெரியவர்களின் கடும் வலிக்கான, ஓபியம் குடும்பத்து மருந்து. பல குழந்தைகள் நிலோஃபர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. முதலில் பழி விழுந்தது தடுப்பூசி மீது. விசாரணையில்தான் மாத்திரை அகப்பட்டது.

பாரசிட்டமாலுக்குப் பதில் வேறு எதையாவது கொடுப்பதும் ஆபத்து. நிமசுலைடு மருந்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011இல் அரசு தடை விதித்தது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஈரலையும் மூளையையும் தாக்கும் ‘ரை’ நோயைக் கொண்டுவரக்கூடும். அம்மைத் தடுப்பூசிக்குப் பிறகு 6 வாரம் அதை அண்டவே விடக் கூடாது. சளி மருந்துக் கலவைகளிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பலி கொண்ட, தமிழ்நாட்டில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பும் அத்தகைய கலவைதான். அதில் கலந்திருந்த நச்சு வேறு கதை என்றாலும், தேவையில்லாத சிரப் வீட்டில் எதற்கு என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டது.

தினசரி மருந்துக்காரர்கள்

பெரியவர்களின் சந்தேகம் வேறு: ஊசிக்காக நான் சாப்பிடும் மருந்தை நிறுத்த வேண்டுமா? சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, கொழுப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். தடுப்பூசிக்கும் அவற்றுக்கும் பகை இல்லை.

ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுவோரிடம் குழப்பம் அதிகம். 2021 ஜனவரியில் கோவேக்சின் குறிப்பு அவர்களை ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்றதும் ஒரு காரணம். மருந்தை நிறுத்தினால்தான் உண்மையான ஆபத்து. ரத்தம் கட்டி மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். நர்ஸிடம் முன்பே சொல்லிவிட்டால் போதும். மெல்லிய ஊசியால் குத்தி, அந்த இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் கசிவது நிற்கும். வார்ஃபரின் சாப்பிடுவோர் தங்கள் ரத்தப் பரிசோதனை அளவு கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தபோது, தமிழர்கள் வாழும் இடமெல்லாம் இதய நோயாளிகள் தயங்கினார்கள். ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு பிறகு ஆராய்ந்து சொன்னது. பயம் பரவிய வேகத்தில் அந்த முடிவு பரவவில்லை.

ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது ஊசி போடலாமா? போடலாம். வாய்வழி டைஃபாய்டு மருந்து மட்டும் விதிவிலக்கு. அதில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா என்பதால் ஆன்டிபயாடிக் அதையும் கொன்றுவிடும். உடல்நிலை மோசமாக இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடச் சொல்வது நோய்க்காகத்தானே தவிர மாத்திரைக்காக அல்ல.

உண்மையிலேயே கவனம் தேவைப்படுவது ஸ்டீராய்டு விஷயத்தில். சிறுநீரகக் கோளாறு போன்றவற்றுக்காக அதிக அளவு பிரெட்னிசலோனை 2 வாரமோ அதற்கு மேலோ சாப்பிடும் குழந்தைக்கு, தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசியைப் போடாமல், மருந்தை நிறுத்தி ஒரு மாதமாவது காத்திருப்பார்கள். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலருக்கு இந்தத் தடை கிடையாது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவோரிடம் கொச்சியில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. கோவிஷீல்டுக்குப் பிறகு 2 வாரம் மருந்தை நிறுத்தியவர்களிடம் எதிர்ப்பொருள் அதிகமாக இருந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வலி திரும்பியது. எனவே அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

உல்லாஸ்நகருக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. சிந்தி சமூகத்தில் தலசீமியா அதிகம். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகள் இங்கே கணிசம். ஏற்றிய ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் தட்டம்மை ஊசியின் வேலையைக் கெடுக்கக்கூடும் என்பதால், வழக்கமாக ரத்தம் ஏற்றிய பிறகு சில மாதம் இடைவெளி விடுவார்கள். மாதாமாதம் ஏற்றும் குழந்தைக்கு இடைவெளிக்கு எங்கே போவது? குழந்தையின் டாக்டரும் தடுப்பூசி போடுபவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. அட்டையை மட்டும் நீட்டிவிட்டு ரத்தம் ஏற்றியதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

நாய்க்கடி ஊசிக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. எந்த மருந்து சாப்பிட்டாலும், கர்ப்பிணியானாலும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை.

அரை மணி நேரம், நான்கு சேதி

ஒவ்வொரு தடுப்பூசிக்குப் பிறகும் தாயிடம் நான்கு சேதிகளைச் சொல்ல வேண்டும் என்பது அரசுத் திட்டத்தின் விதி. எந்த ஊசி, எந்த நோய்க்கு. அடுத்து எப்போது வர வேண்டும். சின்னச் சின்னத் தொந்தரவு வந்தால் என்ன செய்ய வேண்டும். அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை கொண்டுவர வேண்டும். சொல்லிவிட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்காரவும் வைக்க வேண்டும். மராத்தியில் ஒரே மூச்சில் ஒப்பிக்கப்படும் இந்த நான்கில் மூன்றாவதுதான் அதிகம் சிதைகிறது.

அந்த அரை மணி நேரம் கேள்வி கேட்பதற்கான நேரமும்கூட. மருந்து எப்போது, எத்தனை மில்லி, எந்தப் பாட்டில் என்று கேட்டு, அட்டையின் பின்பக்கம் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். காய்ச்சல் மூன்றாம் நாளும் தொடர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் அழுதாலோ, மூச்சு வாங்கினாலோ, துவண்டு பால் குடிக்க மறுத்தாலோ, அடுத்த மாத்திரையைத் தேடாமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கேம்ப் 3இல் அரசு சென்ட்ரல் மருத்துவமனை இருக்கிறது.

மற்றபடி, ஊசி போட்ட தொடையில் லேசான வீக்கமும் ஒரு ராத்திரிச் சிணுங்கலும் மட்டும்தான் என்றால் தாய்ப்பால், ஈரத்துணி, கொஞ்சம் பொறுமை போதும். மாத்திரை அலமாரியிலேயே இருக்கட்டும்.